குரவையும் குளிர்த்தியும்

சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்திலே ஆய்ச்சியர் குரவை அமைந்துள்ள இடம் கூர்ந்து நோக்கற்பாலது. சிலம்பு விற்கச் சென்ற கோவலன் இன்னும் மீளவில்லை. கண்ணகி மாதரியின் அடைக்கலமாக ஆயர்பாடியில் இருக்கின்றாள். அன்று பாடியிலே குடத்துப் பால் உறையவில்லை. ஏற்றின் கண்களினின்றும் நீர் சொரிகின்றது. உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. ஆட்டுக்குட்டிகள் துள்ளாது சோர்ந்து கிடக்கின்றன. ஆக்களின் கழுத்து மணிகள் அறுந்து நிலத்தில் வீழ்கின்றன. வரப்போகும் தீங்கு இன்னதென்று எவரும் அறியார். ஏதோ ஒன்று வரப்போகின்றது என்பதை மட்டும் எல்லாரும் அறிவர். அச்சங்களுட் கொடிய அச்சம் இதுவே. இந்நிலையில் முதுமகளாகிய மாதரி தன் மகள் ஐயையை அழைத்து, முன்பு கண்ணனும் பலதேவனும் நப்பின்னையோடு ஆடிய குரவையை ஆடுதல் வேண்டும் என்கின்றாள். ஆக்களும் கன்றுகளும் உற்ற துன்பம் ஒழிய வேண்டும் என்பதே அவள் கூறும் காரணம். கன்னியர் எழுவர்க்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையின் பெயர்களை இட்டு, வட்டமாக நிறுத்தி, கைகோத்து ஆடச் செய்கின்றாள். கண்ணகி அதனைக் கண்டு நிற்கின்றாள்.

குரவை முடிகின்றது. தீங்கு நீங்கிற்றா எனின், இல்லை. அடுத்து வரும் துன்பமாலையிலே கோவலன் கொலையுண்ட செய்தி வந்து சேர்கின்றது. ஆடலும் பாடலும் வருவதைத் தடுக்கவில்லை. ஆயினும் அச்செய்தி வந்தபொழுது கண்ணகி தனித்திருக்கவில்லை. தன் கணவன் கள்வனோ என்று ஞாயிற்றை நோக்கி வினவுமுன்னர், குரவைக்காகக் கூடி நின்ற ஆயமகளிரையே அவள் விளித்துத் தன் சொல்லைக் கேட்குமாறு வேண்டுகின்றாள். அவள் வேற்று நாட்டினள். அம்மகளிரோடு அவளுக்கிருந்த பழக்கமோ மிகச் சிறிது. எனினும் அவள் துயரைக் கேட்பதற்கு ஒரு வட்டம் அங்கே முன்னரே கூடியிருந்தது. இளங்கோவடிகள் குரவையைக் கொலைச் செய்திக்கு முன்னே வைத்தது கதைச்சுவை ஒன்றையே கருதி என்று கொள்ளுதல் பொருந்தாது. இசையும் கூத்தும் துன்பந் தீர்க்குமா என்னும் வினாவுக்கு, அவை தீர்க்கும் வகை யாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டி நிற்கின்றது.

இவ்வினாவுக்கு இன்று இருவகை விடைகள் கூறப்படுகின்றன. இன்ன இராகம் இன்ன நோய்க்கு மருந்து என அட்டவணை வகுத்துக் கொடுப்பார் ஒரு சாரார். பாட்டும் ஆட்டமும் பொழுதுபோக்கே, நோய்க்கு மருத்துவமனை இருக்கின்றது என்பார் மற்றொரு சாரார். முன்னையோர் கூற்றுக்குப் போதிய சான்று இல்லை. பின்னையோர், நோய் வேறு, நோயாளி படுந் துன்பம் வேறு என்பதை மறந்து பேசுகின்றனர். உடலிற் கிருமி புகுவதனால் வருவது நோய். அதனோடு சேர்ந்து வரும் அச்சம், தனிமை, அயலார் விலகி நிற்றலால் உண்டாகும் நாணம் ஆகியவை துன்பம். முன்னதை மருந்து நீக்கும். பின்னதை நீக்குதற்கு மனிதர் வேண்டும். மனிதர் ஒருங்கு கூடுதற்கு ஒரு முறைமை வேண்டும். அம்முறைமையைத் தாளமும் பண்ணும் தருகின்றன.

சைவ மரபிலே நோய் தீர்த்த பாடல்கள் பல உள. அவற்றை ஓதுவோர் பாட்டின் ஆற்றலை எண்ணுவர்; அது பாடப்பட்ட சூழலை எண்ணுவோர் சிலரே. மருணீக்கியார் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியிலே தலைமை பெற்று வாழ்ந்த காலத்திற் சூலைநோய் அவரைப் பற்றியது. மந்திரித்தும் மயிற்பீலியால் தடவியும் நோய் தீராமை கண்டு உடனிருந்தோர் கைவிட்டனர். அவர் இரவோடிரவாகத் திருவதிகைக்குச் சென்று தமக்கையார் திலகவதியாரின் அடிகளில் வீழ்ந்தார். தமக்கையார் திருநீறு அளித்துத் தம்முடன் கோயிலுக்கு அழைத்துச் சென்ற பின்னரே முதற்றிருப்பதிகம் பிறக்கின்றது என்று சேக்கிழார் காட்டுகின்றார். கைவிடப்பட்ட ஒருவர் மீண்டும் ஓர் உறவினுள் வந்து சேர்ந்தபின் எழுந்த பாட்டு அது. திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரிலே தம் அடியார் கூட்டத்தைக் குளிர்சுரம் பற்றியபொழுது பாடிய பதிகமோ தன்மைப் பன்மையில் அமைந்தது. நோயுற்ற அனைவரும் ஒருசேர ஓதத்தக்கது. திருவருளை நம்புவார்க்கு இத்தகைய விளக்கம் மிகையாகத் தோன்றலாம். அருள் வந்து பொருந்திய வழியை ஆராய்தல் அருளை மறுத்தலாகாது.

இனிக் கண்ணகி கதைக்கு மீளலாம். மதுரை எரியுண்டபின் பாண்டி நாட்டில் மழை வளங் குன்றி, வறுமை மிக்கு, வெப்புநோயும் அம்மையும் பரவின என்றும், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் விழாவெடுத்துச் சாந்தி செய்ய மழை பெய்து நோய் நீங்கிற்று என்றும் உரைபெறு கட்டுரை கூறும். அச்சாந்தியிலே பொற்கொல்லர் ஆயிரவர் பலியிடப்பட்டனர் என்பதையும் அது மறைக்கவில்லை. ஒரு பொற்கொல்லன் செய்த தீமைக்குக் குலத்தையே கொன்ற அச்செயலை எவ்வகையாலும் நியாயப்படுத்தல் இயலாது. காலப்போக்கில் அக்கொலைவேள்வி மறைந்தது, விழா நிலைத்தது. கடல் சூழ்ந்த இலங்கையின் அரசனாகிய கயவாகுவும் கண்ணகிக்குப் பலிபீடம் அமைத்து ஆடித் திங்களில் விழா எடுத்தான் என அக்கட்டுரை தொடர்கின்றது. மகாவம்சம் இச்செய்தியைக் குறிக்கவில்லை. ஆதலின் ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபடுவர. எனினும் கண்ணகி வழிபாடு ஈழத்திலே தமிழரிடையும் சிங்களவரிடையும் வேரூன்றி நிற்பது கண்கூடு.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரத்தும் வாவிக்கரையிலும் காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு, கல்லாறு, எருவில், செட்டிபாளையம், மகிழடித்தீவு, வந்தாறுமூலை முதலிய ஊர்களிற் கண்ணகியம்மன் கோயில்கள் உள. யாழ்நூல் தந்த சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டு பிறந்தது இக்காரைதீவிலேயே. 1947ஆம் ஆண்டு அரங்கேறிய அந்நூல் சிலப்பதிகாரத்து இசை நுட்பங்களை ஆராய்வது. அதனை ஆக்கியவர் கண்ணகி கதை ஏட்டில் மட்டுமன்றி ஊரார் நாவிலும் வாழ்ந்த ஓரிடத்தில் வளர்ந்தவர் என்பது தற்செயலாக இருக்க முடியாது. இக்கோயில்களுட் பலவற்றின் திருக்கதவு ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசித் திங்களிலேயே திறக்கப்படும். கதவு திறந்த நாள் தொடக்கம் இரவுதோறும் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். இந்நூலைப் பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1968ஆம் ஆண்டு பதிப்பித்து வெளியிட்டார்கள். கலியாணக்கால் நாட்டிக் கண்ணகியின் திருமணத்தை நிகழ்த்துவர். அதன்பின் கோவலன் கொலையும் மதுரையின் அழிவும் படிக்கப்படும். நிறைவில், பெரும்பாலும் பூரணையை ஒட்டிய நாளில், குளிர்த்தி பாடப்படும்.

குளிர்த்தி என்பது குளிரச் செய்தல். மதுரையை எரித்த சீற்றம் அடங்காது வந்த கண்ணகியை இடைச்சியர் தம் சேரியில் வரவேற்று வெண்ணெயும் தயிரும் கொண்டு குளிர்வித்தனர் என்பது அவ்வூர்களின் மரபு. சிலப்பதிகாரத்தில் இவ்வாறு இல்லை. அங்கே கண்ணகி சேரநாட்டு மலைக்குச் சென்று விண்ணேறுகின்றாள். காப்பியத்திற் குரவை ஆடிய ஆயமகளிர் கையிலேயே, அவளை ஆற்றுவிக்கும் பணியையும் பிற்கால மக்கள் ஒப்படைத்தனர். நாட்டார் மரபு காப்பியத்தைச் சிதைத்துவிட்டது என்று வருந்துவோர், காப்பியம் முடிக்காது விட்ட ஒன்றை அது முடித்திருக்கின்றது என்பதையும் எண்ணுதல் வேண்டும். நீதி கேட்டு வென்ற பெண்ணின் நெஞ்சு அவ்வெற்றியால் ஆறுமோ? ஆறாது என்று கண்டவர்கள் அவளுக்கு ஆறுதல் செய்யும் கடமையை ஆண்டுதோறும் ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே வெப்பம் என்னும் ஒரு சொல்லே மூன்றிடத்தும் வழங்குகின்றது. தெய்வத்தின் சீற்றம் வெப்பம். மழையின்றி நிலம் காய்தல் வெப்பம். உடலிற் கொப்புளமாக எழும் அம்மையும் வெப்பம். தெய்வத்தைக் குளிர்வித்தால் நிலமும் உடலும் குளிரும் என்ற நம்பிக்கையோடு, கப்புகனார் குளிர்த்திப் பாடலை இசைக்க, பெண்கள் குரவையிட, ஊர் முழுவதும் நள்ளிரவிற் கூடி நிற்கின்றது. பாடல் முடிந்ததும் குளிர்த்தி நீர் எல்லார் மேலும் தெளிக்கப்படும். அவ்வேளையில் நோயாளி இவர், நோயில்லாதவர் இவர் என்ற பிரிவு இல்லை.

இதனால் அம்மை நோய் தீர்ந்ததா என்ற வினாவைத் தட்டிக்கழித்தல் நேர்மையன்று. பெரியம்மையை ஒழித்தது அம்மைப்பால் குத்தும் மருத்துவமே. இலங்கையில் அம்முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புகுந்தது. உலக சுகாதார நிறுவனம் 1980ஆம் ஆண்டு அந்நோய் பூவுலகினின்றும் நீங்கியது என்று அறிவித்தது. குளிர்த்திப் பாடலால் ஒரு கிருமியும் இறந்ததில்லை. ஆனால் அம்மைப்பால் வாராத காலத்திலே, ஒரு வீட்டில் அந்நோய் கண்டால் அயலவர் ஓடிவிடுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஓடாமைக்கு வேண்டிய துணிவை இவ்வழிபாடு கொடுத்தது. நோயை அம்மாள் வருத்தம் என்று சொல்லும்போது நோயாளி அருவருக்கத்தக்கவர் ஆகாமல், தெய்வம் வந்து தங்கிய இடமாகின்றார். வாயிலில் வேப்பிலை செருகப்பட்டது. அயலாரின் போக்குவரவு குறைக்கப்பட்டது. வீட்டார் குரல் தாழ்த்திப் பேசினர். நோயாளியின் அருகிருந்து ஒருவர் மாரியம்மன் தாலாட்டைப் படித்தார். விலக்கி வைக்க வேண்டிய நோயாளியைக் கைவிடாமலே விலக்கி வைக்கும் வழி அது. அண்மையில் 2020ஆம் ஆண்டு பெருந்தொற்று வந்தபொழுது, மருத்துவ அறிவு பன்மடங்கு வளர்ந்திருந்தும், அத்தகைய ஒரு வழி இல்லாமையால் எத்தனையோ பேர் உறவினர் முகம் காணாது இறந்தனர் என்பதை இதனோடு ஒப்பு நோக்கலாம்.

யாழ்ப்பாணத்திலே இவ்வழிபாட்டின் வரலாறு வேறு வகைப்பட்டது. ஆறுமுக நாவலர் அவர்கள் கண்ணகியைச் சமணக் கதையிலே வரும் வணிகப் பெண் என்று கருதி, சைவாலயங்களுக்கு அவ்வழிபாடு ஏலாது எனக் கண்டித்தார்கள். பல கண்ணகி கோயில்கள் இராசராசேசுவரி, புவனேசுவரி என்னும் பெயர்களைப் பெற்று ஆகம நெறிக்கு உட்பட்டன. மிசனரிமாரின் இகழ்ச்சிக்கு விடையிறுக்க வேண்டிய காலத்தில் நாவலர் சைவத்திற்கு வரம்பு கட்டியதன் தேவையை இன்று குறைத்து மதிப்பிடுதல் எளிது, அது முறையன்று. ஆனால், ஊரார் வாய்விட்டுப் பாடிய இடத்திலே அருச்சகர் ஒருவர் மந்திரஞ் சொல்ல ஏனையோர் கைகூப்பிக் கேட்டு நிற்கும் நிலை வந்தபொழுது, சேர்ந்து பாடும் உரிமை ஒன்று கைநழுவிற்று என்பதும் உண்மை.

கிழக்கின் கண்ணகி சடங்குகளுள் ஒன்றாகிய கொம்புமுறித்தல் வேறொரு நுட்பத்தைக் காட்டுகின்றது. ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிவர். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த வலிய கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இரு பக்கத்தாரும் இழுப்பர். ஒன்று முறியும் வரையும் இழுப்பு நடக்கும். இடையிலே ஒரு கட்சியார் மறுகட்சியாரை வைது பாடுவர். தாளத்தோடு வையப்படும் வசைக்கு எவரும் மறுநாட் சண்டைக்குப் போகலாகாது. மழை பொய்த்த காலத்திலும் கொள்ளைநோய் வந்த காலத்திலும் அம்மனை மகிழ்விக்க இவ்விளையாட்டு எடுக்கப்பட்டது. ஊரிலே உள்ள பூசலை மறைத்து ஒற்றுமை பேசுவது இதன் நோக்கமன்று. பூசலை வெளியே கொணர்ந்து, அதற்கு ஓசையும் எல்லையும் கொடுத்து, அம்மன் முன்றிலிலே முறித்துப் போடுவதே நோக்கம்.

இதே விளையாட்டுச் சிங்களக் கிராமங்களில் அங்கெலிய என்று வழங்குகின்றது. அங்கும் உடுபில, யட்டிபில என இரு பிரிவு உண்டு. முன்னது பாலங்கனுக்கு உரியது, பின்னது பத்தினிக்கு உரியது. பாலங்கன் கோவலனே. பத்தினித் தெய்வ வழிபாட்டைப் பற்றிக் கணநாத் ஒபயசேகர 1984ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூல் இவற்றை விரிவாக ஆராய்கின்றது. சிங்களர் எடுக்கும் கம்மடுவ என்னும் சடங்கிலே பாடலும் பறையும் ஆடலும் விடியும் வரை நிகழும். பெண்ணுடை புனைந்த பூசகர் பத்தினியாகத் தோன்றுவார். கொலையுண்ட பாலங்கனைப் பத்தினி உயிர்ப்பிக்கும் காட்சியும் அதில் உண்டு. தென்னிலங்கையின் தொவில் சடங்குகளிலே நோயாளியை நடுவே இருத்தி, பதினெண் சன்னி வேடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆடும். முதலில் அச்சமூட்டிய பேய், இரவு செல்லச் செல்ல நகைப்புக்கு இடமாகின்றது. தன்னை வருத்திய பேயைப் பார்த்து ஊரோடு சேர்ந்து நோயாளியும் சிரிக்கின்றார். கப்புகன் என்னும் தமிழ்ச் சொல்லும் கப்புறாள என்னும் சிங்களச் சொல்லும் ஒரே பூசகரையே குறிக்கின்றன. மொழி இரண்டு, அஞ்சியதும் ஆறியதும் ஒரே முறையில்.

இவ்வளவு ஒப்புமை இருந்தும் இரு சமூகத்தாரிடையே பகைமை மூண்டது. 1956ஆம் ஆண்டு சிங்களம் மட்டும் அரசகரும மொழியெனச் சட்டம் நிறைவேறியது. 1958ஆம் ஆண்டு வன்செயல் வெடித்தது. பத்தினியும் கண்ணகியும் ஒருத்தியே என்ற அறிவு ஒரு வீட்டையும் எரியாமற் காத்ததாகத் தெரியவில்லை. கலை மக்களைத் தானாகவே இணைக்கும் என்று மேடைகளிற் கூறுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. ஒரே பாட்டை இரு வேறு வட்டத்தில் நின்று பாடினால் இணைப்பு உண்டாகாது.

இணைப்பு உண்டான ஓரிடமும் அதே காலத்தில் இருந்தது. 1956 நவம்பரில் எதிரிவீர சரச்சந்திர மனமே என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட வடிவம் சிங்கள நாடகம எனப்படும் கூத்து. அந்நாடகம கத்தோலிக்கத் தமிழரின் கூத்தினின்றும் வளர்ந்தது என்பதை அவரே ஆராய்ந்து எழுதியுள்ளார். அவருடன் பேராதனையிற் பணிபுரிந்த சு. வித்தியானந்தன் அவர்கள், தமிழரின் கூத்தை வேராகக் கொண்டு சிங்கள அரங்கு மறுமலர்ச்சி பெற்றதைக் கண்டு, அவ்வேரைத் தேடி மட்டக்களப்புக்குச் சென்றார்கள். வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. கர்ணன் போர் 1962இலும் இராவணேசன் 1964இலும் மேடையேறின. கொடுத்தவர் தாம் கொடுத்ததை மறந்திருந்தனர். பெற்றவர் அதனைப் போற்றியதால் கொடுத்தவர்க்கு அது மீண்டது. கூத்தாடுவதை இழிவென எண்ணிய கற்ற தமிழர் பலர், பட்டதாரி மாணவர் சதங்கை கட்டி ஆடுவதைக் கண்டபின் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டனர்.

ஊர்க் கூத்து முறையிலே ஒரு கூத்தை ஆடி முடிக்கப் பல மாதங்கள் செல்லும். அண்ணாவியார் ஊரவர் முன்னிலையில் இன்னார்க்கு இன்ன வேடமெனச் சட்டங் கொடுப்பார். வயல் வேலை முடிந்த இரவுகளிலே மத்தளமும் சல்லரியும் ஒலிக்கப் பழக்கம் நடக்கும். பின்பு சதங்கையணி விழா, அதன்பின் அரங்கேற்றம். வட்டக்களரியைச் சுற்றி ஊர் அமர்ந்திருக்க, ஆட்டம் விடியும் வரை செல்லும். அருச்சுனனாக ஆடுபவன் யார் மகன், அவன் தந்தை முன்பு எவ்வாறு ஆடினான் என்பதைப் பார்ப்போர் அனைவரும் அறிவர். பேராசிரியர் அதனை ஓரிரு மணி நேரத்துக்குச் சுருக்கி, ஒரு பக்கம் திறந்த மேடைக்குக் கொணர்ந்தார்கள். அவ்வாறு செய்யாதிருப்பின் கூத்து அழிந்தே போயிருக்கும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆயினும் விளக்கணைத்த மண்டபத்திலே அமர்ந்து, ஆடுவோர் பெயரை அச்சிட்ட தாளிற் படித்து அறிபவன் கலையைச் சுவைக்கின்றான்; களரியோரத்திலே துயில் கலைந்து தன் மைத்துனன் வரவு வந்ததா என்று கேட்பவன் தன் ஊரைக் காண்கின்றான்.

அந்த வட்டத்தினுள் யார் நிற்கலாம், யார் நிற்கலாகாது என்ற வினாவையும் எழுப்பாமற் செல்லல் ஆகாது. மட்டக்களப்புக் கோயிற் சடங்குகளிலே பறைமேளம் இன்றியமையாதது; அதன் ஒலியின்றித் தெய்வம் ஆடாது. யாழ்ப்பாணத்திலே பறையொலி இன்றிப் பிணம் எழாதிருந்த காலம் உண்டு. அவ்வொலியை எழுப்பியவரோ வட்டத்துக்குப் புறத்தே நிறுத்தப்பட்டார். ஊருக்கு ஆறுதல் தந்த கருவியே அவருக்கு அடிமைச் சின்னமாயிற்று. ஆதலின் தீண்டாமை ஒழிப்பு இயக்கம் வலுப்பெற்ற காலத்திற் பலர் இனிப் பறையடிப்பதில்லை என்று மறுத்தனர். ஒரு கலை மறைகின்றதே என்று அதற்கு இரங்குவோர், அக்கலை எவ்விலைக்கு வாங்கப்பட்டது என்பதை முதலிற் கணக்கிடல் வேண்டும். 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்ததை அடுத்து, கந்தன் கருணை என்னும் நாடகம் கூத்து வடிவில் ஊரூராக ஆடப்பட்டது. கோயிற் கதவு அடைக்கப்பட்டவர்க்காகக் கூத்தின் களரி திறந்தது. பின்னாளில், 2000களின் தொடக்கத்தில், மட்டக்களப்புச் சீலாமுனையிலே சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கூத்தரும் கூத்து மீளுருவாக்கம் என்ற முயற்சியைத் தொடங்கினர். பெண்ணையும் ஒடுக்கப்பட்டோரையும் இழிவுபடுத்தும் பகுதிகளை வெளியிலிருந்து ஒருவர் வெட்டி நீக்காமல், ஆடுவோரும் அண்ணாவிமாரும் கூடி வாதிட்டு மாற்றுவதே அதன் முறை. வாதத்துக்கு எடுத்த காலம் ஆட்டத்துக்கு எடுத்த காலத்திலும் மிகுதி எனின் வியப்பில்லை. ஆட்டத்தின் பெரும்பயன் அவ்வாதமே.

1983ஆம் ஆண்டு தொடங்கி 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரின் புண்களை மருத்துவர்கள் இருவகையாகக் கண்டனர்: தெரிந்த புண், தெரியாத புண். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் பின்னதை மனவடு என்ற பெயரால் நூலாக எழுதினார்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களின் அன்னை இட்ட தீ 1990களின் தொடக்கத்தில் அதே புண்ணை அரங்கிற் காட்டிய நாடகம். வாய்விட்டுச் சொல்ல முடியாதவற்றை மேடையிலே மற்றொருவர் சொல்லக் கேட்டோர், தாம் மட்டும் பித்துப் பிடித்தவர் அல்லர் என்று உணர்ந்தனர்.

நாடக மண்டபம் இல்லாத ஊர்களிலே இப்பணியை அம்மன் கோயில்கள் செய்தன. 1990களில் மட்டக்களப்பில் ஆய்வு செய்த பற்றீசியா லோறன்ஸ் என்னும் மானிடவியலாளர் அக்கோயில்களிற் கண்டவற்றைப் பதிவு செய்துள்ளார். காணாமற்போன மகனைப் பற்றிப் படைமுகாமிலும் கேட்க முடியாது. இயக்கத்திடமும் கேட்க முடியாது. அயலாரிடம் பேசவும் அச்சம். உடுக்கும் பறையும் ஒலிக்கத் தெய்வமேறி ஆடுபவரிடம் மட்டும் தாய் உரக்கக் கேட்கலாம், உரக்க அழலாம். தெய்வம் சொன்ன வாக்கு மெய்யோ பொய்யோ என்பதை ஆராய இக்கட்டுரை புகவில்லை. ஊர் முழுதும் வாய் பொத்தியிருந்த நாளில், பறை அடங்கும் வரையிலேனும் அந்தத் தாயின் கேள்வி கேட்கப்பட்டது. அவளைச் சுற்றி நின்றோர் அதனைக் கேட்டனர்.

போரின் இறுதி நாட்கள் நிகழ்ந்தது 2009 மே மாதம், நந்திக்கடலோரத்திலே. அவ்வாவியின் கரையில் வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயில் இருக்கின்றது. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி கிழவி வடிவில் அக்கரையிலே மாடு மேய்த்த சிறுவர்களிடம் வந்தாள் என்றும், அவர்கள் அவளுக்குப் பொங்கலிட்டனர் என்றும், விளக்குக்கு எண்ணெய் இல்லையெனக் கூறியபொழுது நீரை ஊற்றி எரிக்கச் சொன்னாள் என்றும், தலை பார்க்கச் சொன்ன அவளது தலையிலே ஆயிரங் கண்களைச் சிறுவர் கண்டனர் என்றும் கதை வழங்குகின்றது. இங்கும் அவளை ஏற்றுக்கொண்டவர் இடையர் குலத்தாரே. வைகாசி விசாகத்தை ஒட்டிய பொங்கலுக்கு முன்னர்ச் சிலாவத்தைக் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்நீரால் விளக்கேற்றி, பின் வற்றாப்பளைக்குக் கொண்டு செல்வர். வைகாசி மே மாதத்தின் நடுவிலே தொடங்குகின்றது. ஆதலால் போரில் இறந்தோரை நினைக்கும் நாட்களும் பொங்கல் நாட்களும் ஒன்றையொன்று அடுத்தே வருகின்றன. காவடியோடும் பாற்குடத்தோடும் பறையொலியோடும் வருகின்ற கூட்டத்திலே, மகனை இழந்தோரும் மகன் எங்கேயென்று அறியாதோரும் இருக்கின்றனர். இரவு முழுவதும் பொங்கலும் பாட்டும் நடக்கின்றன. விளக்கு விடியும் வரையும் எரிகின்றது.